பாழுக்கு ஓர் எழுவாய்

எங்கள் தாத்தா தென்னங்கன்றுகளுக்குக் குருத்தழுகல் மருந்து கலக்கும் நாளில் சிறுவர்களைத் தோப்புப் பக்கம் விடமாட்டார். மயில்துத்தத்தை மண்சட்டியில்தான் கரைப்பார். இரும்பு வாளி ஆகவே ஆகாது. துத்தம் இரும்பைத் தின்றுவிடும் என்பார். இன்னொரு சட்டியில் சுண்ணாம்பு நீர்த்துக் கிடக்கும். இரண்டும் சேரும்போது எழும் நீலத்தை வரப்பில் நின்றபடி பார்ப்போம். அந்த நீலம் எங்கள் ஊரில் வேறெதற்கும் கிடையாது. மயிலின் கழுத்தைச் சொல்லலாம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் மயில் கழுத்துக்குள் ஒரு பச்சை ஓடிக்கொண்டிருக்கும். துத்தத்தின் கட்டியில் அதுவும் இல்லை. விஷம் என்று தெரிந்தும் தொடச் சொல்லும் நீலம்.

2008 செப்டம்பரில் தெற்கு லண்டனில் ஒரு வீட்டுக்குள் அதே மயில்துத்தம் பூத்தது. எலிஃபன்ட் அண்ட் காசில் வட்டாரத்தில் ஹார்ப்பர் ரோடு, 151 முதல் 189 வரை இலக்கமிட்ட தாழ்வான கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) குடியிருப்பு. ஆட்கள் வெளியேற்றப்பட்டு, இடிப்புக்கு நாள் எண்ணிக் காத்திருந்த கட்டடம். அதன் தரைத்தளத்தில் ஓர் ஒற்றையறை வீட்டைச் சிற்பி ரோஜர் ஹையார்ன்ஸ் எடுத்துக்கொண்டார். ஆர்ட்ஏஞ்சல் என்ற கலை அமைப்பும் ஜெர்வுட் அறக்கட்டளையும் துணைநின்றன. நீர் கசியாதபடி வீட்டை உள்ளே அடைத்து முட்டுக்கொடுத்தார்கள். மேல்வீட்டுத் தரையில் துளையிட்டு, 75,000 லிட்டர் செறிந்த துத்தக் கரைசலை உள்ளே இறக்கினார்கள். பிறகு கதவை மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். கரைசல் ஆற ஆறப் படிகம் வளர்ந்தது. சில வாரங்கள் கழித்து மிஞ்சிய நீரை வடித்துவிட்டுத் திறந்தபோது சுவர், கூரை, தரை, குளியல்தொட்டி, விளக்கு தொங்கிய கம்பி என்று ஓரிடம் விடாமல் நீலக்கற்கள் அப்பியிருந்தன.

பள்ளி ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் செய்திருக்கிறோம். பீக்கரில் செறிந்த கரைசல், நடுவில் நூலில் கட்டிய ஒரு துணுக்கு. மறுநாள் போய்ப் பார்த்தால் துணுக்கு முகம்முகமாகச் செதுக்கியதுபோல வளர்ந்திருக்கும். செதுக்கியவர் யாருமில்லை. ஹையார்ன்ஸுக்கு இந்தப் பொருளின்மீது பல வருஷங்களாகவே பற்று. கார் எஞ்சின்களின்மேல் இதை வளர்த்திருக்கிறார். கலைஞனின் கை விலகிக்கொள்ள, பொருள் தன் இயல்பில் வேலையை முடித்துக்கொள்வதுதான் அவரை ஈர்த்தது. ஹார்ப்பர் ரோட்டில் அவர் செய்தது அந்த பீக்கரை ஒரு வீட்டின் அளவுக்குப் பெரிதாக்கியதுதான்.

பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே போகுமுன் ரப்பர் பூட்ஸும் கையுறையும் தந்தார்கள். ஒரு சமயத்தில் சிலர் மட்டுமே. காலடியில் படிகங்கள் நெருநெருவென்று நொறுங்க, தலையை இடித்துக்கொள்ளாமல் குனிந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல், ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டு நகரவேண்டும். நிறுவல் கலை என்ற வகையில் வைக்கப்படும் இந்தப் படைப்புக்குள் நிகழ்த்துகலை ஒன்றும் ஒளிந்திருந்தது. அதன் நடிகர்கள் பார்வையாளர்கள்தான். முன்பொரு குடும்பம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக நுழைந்திருக்கக்கூடிய அறை அது. அதற்குள் முன்பின் தெரியாதவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு நடந்தார்கள்.

படைப்புக்கு ஹையார்ன்ஸ் வைத்த பெயர் ‘சீஷர்’. கைப்பற்றுதல், பறிமுதல், வலிப்பு என மூன்றையும் அந்த ஆங்கிலச் சொல் தாங்கும். தமிழில் எனக்கு முதலில் தோன்றியது ஜப்தி. கடன்பட்ட வீட்டு வாசலில் அமீனா வந்து நிற்கும் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. வீட்டை ஜப்தி செய்ய மனிதர்கள்தான் வருவார்கள் என்றில்லை, கல்லும் வரலாம் என்று அந்த அறை சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்ததெல்லாம் படங்களும் ஒளிப்பதிவும்தான். அவற்றிலேயே கண்ணெடுக்க முடியாத அழகு. அந்த அழகில்தான் என் சங்கடமும் தொடங்குகிறது.

அந்த வீடு ஏன் காலியாக இருந்தது?

நாம் ‘கைவிடப்பட்ட குடியிருப்பு’ என்று எழுதுகிறோம். நானே பலமுறை எழுதியிருக்கிறேன். செயப்பாட்டுவினை, கைவிட்டவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. கேட்பவருக்கு ஏதோ மழைவெள்ளம்போல, கொள்ளைநோய்போல, ஊரே தானாக எழுந்து போய்விட்டதென்று ஒரு சித்திரம் கிடைக்கிறது. காலியான வீடு, காலிசெய்த வீடு, காலிசெய்யவைத்த வீடு ஆகிய மூன்றும் மூன்று வேறு கதைகள். இவற்றைப் பிரித்துச் சொல்லத் தமிழிடம் வினைகள் உண்டு. தன்வினையும் பிறவினையும் பள்ளிப் பாடத்தோடு முடிந்துபோகிற சங்கதியல்ல.

புறநானூற்றில் பாழ்நிலம் அடிக்கடி வரும். பகைவரின் அரண் இருந்த இடத்தில் கழுதைகளை ஏரில் பூட்டி உழுத செய்தி, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டில் இருக்கிறது. யார் பாழாக்கியது என்பதில் அந்தப் பாட்டுக்கு மயக்கமே இல்லை. பாழாக்கியவனை எதிரே நிறுத்தி, முன்னிலையில் விளித்துத்தான் புலவர் பேசுகிறார். அது புகழ்ச்சி, அந்தப் புகழ்ச்சியின் அறத்தை இன்று நம்மால் ஏற்க முடியாது. ஆனால் இலக்கணம் சரியாக இருந்தது. பாழுக்கு ஓர் எழுவாய் இருந்தது. வெறிச்சோடிய கட்டடங்களை நம் காலத்துக் கலை பார்க்கும்போது பெரும்பாலும் தொலைந்துபோவது அந்த எழுவாய்தான். உடைந்த ஜன்னல், உரிந்த சுவர்த்தாள், படிக்கட்டில் முளைத்த செடி என்று புகைப்படக்காரர்கள் உலகம் முழுக்க எடுத்துக் குவிக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கின்றன. இடிபாட்டின் அழகில் மனிதனுக்கு ஒரு பழைய மயக்கம் உண்டு, எனக்கும் உண்டு. அந்த மயக்கம் கேள்வியைத் தூங்கவைத்துவிடுகிறது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். நான் வளர்ந்தது ஓர் அரசு ஊழியர் குடியிருப்பில். இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லி எல்லாரையும் காலிசெய்யச் சொன்னார்கள். சாமான்கள் வண்டியேறிய பிறகு அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். “இடிக்கப்போற வீட்டை எதுக்குக் கூட்டுற?” என்று அப்பா வாசலிலிருந்து கேட்டார். “குப்பையா விட்டுட்டு வந்தா, இருந்தவங்களப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்றார் அம்மா. கூட்டி முடித்த அறையில் நான் பார்த்தது காலண்டர் தொங்கிய இடத்தில் வெளுக்காமலிருந்த சதுரமும், விளக்குமாடத்துக்கு மேலே நாக்குப்போல நீண்டிருந்த கரியும். எந்தத் துடைப்பத்துக்கும் போகாத கரி.

சிற்பி ரேச்சல் வைட்ரீடின் ‘கோஸ்ட்’ படைப்பைப் பற்றிப் படித்தபோது அந்தக் கரிதான் நினைவுக்கு வந்தது. 1990இல் வடக்கு லண்டனின் பழைய வீடொன்றின் முன்னறைக்குள் பிளாஸ்டர் பூசி, அறையின் வெற்றிடத்தை அச்செடுத்தார் அவர். கணப்படுப்பின் புகைக்கரி பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அறையின் காற்றைக் கட்டியாக்கிப் பார்த்தால், இருந்தவர்களின் குளிர்காலம் அதில் ஒட்டியிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து அதையே ஒரு முழு வீட்டுக்குச் செய்தார். கிழக்கு லண்டனின் போ பகுதி, குரோவ் ரோடு, 193ஆம் எண். பூங்காவை விரிவாக்கவென்று அந்த வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட, கடைசியாக எஞ்சியது அது. கடைசியாகக் குடியிருந்தவர் எளிதில் வெளியேற ஒப்பவில்லை. வீடு காலியானதும் உட்புறம் முழுக்கக் கான்கிரீட்டைப் பீய்ச்சி, அது இறுகியபின் வெளிச்சுவர்களைப் பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சி நின்றது வீட்டின் உள்வெளி. கதவு குழிவாக இருக்கவேண்டிய இடத்தில் புடைப்பு, படிக்கட்டின் தடம் பக்கவாட்டில் ரம்பப் பல்லைப்போல. யாரும் உள்ளே போகமுடியாத வீடு. 1993 அக்டோபர் 25இல் முடிந்தது, 1994 ஜனவரி 11இல் இடிக்கப்பட்டது. எண்பது நாள்கூட நிற்கவில்லை. இடையே நவம்பர் 23 அன்று வைட்ரீடுக்குப் பிரிட்டனின் பெரிய கலைப்பரிசான டர்னர் பரிசு அறிவிக்கப்பட்டது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அதே நாளில்தான் உள்ளூர்க் கவுன்சில் படைப்பை நீட்டிக்கவேண்டாம் என்று வாக்களித்தது. கான்கிரீட் சுவரில் யாரோ ‘எதுக்கு?’ என்று கிறுக்கிவைக்க, அதன்கீழ் இன்னொரு கை ‘ஏன் கூடாது?’ என்று எழுதியிருந்தது. இரண்டு பேருமே அந்தத் தெருக்காரர்களாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். சுவர் இடிக்கப்பட்ட பிறகும் அந்த உரையாடல் முடியவில்லை.

‘ஹவுஸ்’ என்று பெயரிட்ட அந்தக் கான்கிரீட் வீட்டை நான் உயர்வாகவே மதிக்கிறேன். அதை ஏற்பாடு செய்ததும் ஆர்ட்ஏஞ்சல்தான். பூங்காவுக்காகத் துடைக்கப்பட்ட ஒரு தெருவில், துடைப்பத்துக்குப் போகாத கரியாக அது நின்றது. இங்கே ஒரு வீடு இருந்தது என்று சொல்லும் வேலையை எந்த அலங்காரமும் இல்லாமல் செய்தது. அழகாக இருக்கவேண்டும் என்று அது முயலவே இல்லை.

ஹார்ப்பர் ரோட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு குடியிருப்பு இருந்தது. ஹேகேட் எஸ்டேட். கட்டட வடிவமைப்பாளர் டிம் டிங்கர் வடிவமைக்க, 1974இல் சதர்க் கவுன்சில் கட்டி முடித்தது. சுமார் 1,200 வீடுகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். வெளி ஓரத்தில் நீண்ட உயர்ந்த பாளங்கள், நடுவே தாழ்ந்த மாடிவீடுகள், அவற்றை இணைக்கும் மேம்பாதைகள், இடையிடையே மரங்கள். செய்தித்தாள்களும் திரைப்படங்களும் இதற்குக் குற்றபூமி என்று ஒரு முகத்தை ஒட்டிவிட்டன. 2009இல் வந்த ‘ஹாரி பிரவுன்’ இங்கேதான் எடுக்கப்பட்டது. போதைமருந்தும் துப்பாக்கியும் நிறைந்த நரகமாக அதில் இந்தக் கட்டடங்கள் வருகின்றன. படப்பிடிப்பின்போது எஸ்டேட் ஏற்கெனவே காலிசெய்யப்பட்டுக்கொண்டிருந்தது. வெறுமையை முதலில் உண்டாக்கி, அந்த வெறுமையைப் படம்பிடித்து, பார், எவ்வளவு மோசமான இடம் என்று காட்டுவது எளிது.

காலிசெய்வித்தல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் திட்டம் வருகிறது, மறுசீரமைப்பு என்ற பெயரோடு. வாடகைக்கு இருப்பவர்களை வேறு கவுன்சில் வீடுகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு வீடு காலியானதும் கதவிலும் ஜன்னலிலும் இரும்புத்தகடு ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரவில் தகட்டுக்கு நடுவே விளக்கெரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சநாளில் அவரும் போகிறார். நீண்ட குத்தகையில் வீட்டை விலைக்கு வாங்கியிருந்தவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு அதே வட்டாரத்தில் இன்னொரு வீடு வாங்கப் போதவில்லை. அவர்கள் எங்கெங்கே சிதறினார்கள் என்று காட்ட, போராடியவர்கள் வரைபடங்களே தயாரித்தார்கள். நகரின் நடுவிலிருந்து புறநகருக்கும் அதற்கு அப்பாலும் கோடுகள் பாய்ந்தன. 2013இல் கட்டாய நிலக்கையகப்படுத்தலுக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் கடைசியாக எஞ்சியிருந்தவரும் வெளியேற்றப்பட்டார். நிலம் லெண்ட்லீஸ் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 5 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. அங்கே இரண்டாயிரத்து ஐந்நூறு வீடுகள்வரை கட்டத் திட்டமிட்டார்கள். அனுமதி பெற்ற அந்தத் திட்டத்தில் சமூக வாடகைக்கு என்று ஒதுக்கியது ஏறக்குறைய எண்பது. இந்த எண்களை ஒரு கலைக் கட்டுரையில் ஏன் வைக்கிறேன் என்று யாராவது கேட்கலாம். எழுவாய் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

மயில்துத்தத்தின் நீலம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் வேதியியல் ஆசிரியர் காட்டியது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. படிகத்தைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீர் ஆவியாகி வெளியேறும். நீலம் மங்கி, கடைசியில் வெறும் வெள்ளைத்தூள் மிஞ்சும். ஒவ்வொரு மூலக்கூறோடும் பிணைந்திருக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் போய்விட்டால் நிறமும் போய்விடும். சோதனைக்குழாயிலாவது ஒரு சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பிவிடுகிறது. ஹேகேட்டுக்கு அப்படி ஒரு சொட்டும் விழவில்லை.

அந்த வெறுமையில் ஆர்ட்ஏஞ்சல் மறுபடி ஒரு கலைப்படைப்புக்குத் திட்டமிட்டது. கலைஞர் மைக் நெல்சன். எஸ்டேட்டின் ஒரு கட்டடத்தைப் பிரித்து, அந்தக் கான்கிரீட் பாளங்களை அடுக்கி அதே இடத்தில் ஒரு பிரமிடு எழுப்புவது. நெல்சன் திறமைசாலி, பழைய இடங்களின் தூசியையும் நாற்றத்தையும் அவரளவுக்கு உயிர்ப்போடு மீட்டுத் தரக்கூடியவர்கள் குறைவு. கற்பனையாக எண்ணிப் பார்த்தால் அது வலிமையான படிமம்தான். ஒரு நூற்றாண்டின் பொதுவீட்டுக் கனவுக்குக் கல்லறை. ஆனால் முன்னாள் குடியிருப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது. கடைசியாக எஞ்சியிருந்தவர் வெளியேற்றப்பட்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை. தங்களை வெளியே தள்ளிய கவுன்சிலின் அனுமதியோடு, தங்கள் சுவர்களைப் பெயர்த்து, தங்கள் வீட்டுக்கு ஒரு சமாதி கட்டிப் பார்வையாளர்களை அழைப்பதை அவர்களால் தாங்கமுடியவில்லை. 2013 டிசம்பரில் கவுன்சில் பின்வாங்கியது, திட்டம் நின்றது.

கலை உலகத்தில் பலருக்கு அதில் வருத்தம். ஒரு நல்ல படைப்பை உள்ளூர் அரசியல் கொன்றுவிட்டது என்றார்கள். எனக்கு வருத்தமில்லை. பிரமிடு என்பது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை யோசிக்கவேண்டும். எகிப்தில் அது அரசனின் சமாதி. கல் சுமந்தவனுடையது அன்று. பிணத்தைப் பற்றித் துக்கப்படும் உரிமை பங்காளிக்கு முதலில், ஊருக்குப் பிறகு. துக்கவீட்டில் பங்காளிகள் அழுதுகொண்டிருக்கும்போது வெளியூர்க்காரர் வந்து பந்தலின் அழகைப் பற்றிப் பேசினால் அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டோம். ஆனால் எழுந்து போகச் சொல்வோம்.

ஒப்புக்கு ஒரு குடியிருப்பைச் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமாகாது, ஏனெனில் வேறுவழியும் லண்டனிலேயே இருந்தது. வடகிழக்கே, ஹாக்னியில், ரீஜன்ட்ஸ் கால்வாய்க் கரையில் ஹாகர்ஸ்டன் எஸ்டேட். 1930களில் லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய செங்கல் கட்டடங்கள். அவற்றின் பெயர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் உலகத்திலிருந்து வந்தவை. ஒரு கட்டடம் அவர் பெயரிலேயே சாமுவேல் ஹவுஸ். காலிசெய்வித்தல் இங்கேயும் நடந்துகொண்டிருந்தது. 2007இல், காலியான வீடுகளின் ஜன்னல்களைக் கவுன்சில் ஆரஞ்சு நிறப் பலகைகளால் அடைத்தது. கால்வாய்க் கரையில் நடைப்பயிற்சிக்கும் சைக்கிளுக்கும் வருகிறவர்கள் நின்று அந்த ஆரஞ்சுச் சதுரங்களைப் பார்த்து ஏதேதோ பேசிக்கொள்வார்கள். பாழடைந்துபோன கட்டடம், யாருமில்லை என்பதுபோல. பலகைகளுக்கு நடுவே திறந்திருந்த ஜன்னல்களுக்குள் இருந்தவர்கள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கலைஞர்களும் இருந்தார்கள். ஆந்த்ரேயா லூக்கா சிம்மர்மன், லாசே ஜொஹான்சன், ட்ரிஸ்டன் ஃபென்னல் சேர்ந்து ‘ஃப்யூஜிடிவ் இமேஜஸ்’ என்ற பெயரில் இயங்கினார்கள். 2009இல் அவர்கள் செய்தது இவ்வளவுதான். குடியிருப்பாளர்களைப் பெரிய அளவில் புகைப்படம் எடுத்து, ஆரஞ்சுப் பலகைகள் இருந்த இடத்தில் அந்த முகங்களை மாட்டினார்கள். 67 முகங்கள். படைப்பின் பெயர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பொருள்படுவது. மறுநாள் கால்வாய்க் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களை ஜன்னலிலிருந்து முகங்கள் திரும்பிப் பார்த்தன.

இந்தப் படைப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இதில் துத்தத்தின் நீலம் இல்லை. கான்கிரீட்டின் கனம் இல்லை. சாதாரணமான வண்ணப்படங்கள், சாதாரணமான முகங்கள். பின்னணியில் சமையலறைச் சுவரும் சோபாவும். ஆனால் செயப்பாட்டுவினைக்குள் ஒளித்துவைக்கப்பட்டவர்கள் ‘நான்’ என்ற சொல்லோடு வெளியே வந்து நிற்கிறார்கள். பார்க்கிறவன் யார், பார்க்கப்படுகிறவன் யார் என்ற வரிசை இங்கே தலைகீழாகிறது. ஹார்ப்பர் ரோட்டில் இல்லாதவர்களின் அறைக்குள் நாம் போய்ப் பார்த்தோம். ஹாகர்ஸ்டனில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்தார்கள்.

அது அத்தோடு முடியவுமில்லை. இடிப்பு வரைக்குமான அந்த வருஷங்களில் சிம்மர்மன் தன் அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தார். 2015இல் ‘எஸ்டேட், எ ரெவரி’ என்று வெளிவந்தது. அதில் குடியிருப்பாளர்களே நடிக்கிறார்கள். ஒரு காட்சியில் வீட்டுவேலை, இன்னொன்றில் பழைய காலத்து உடுப்பணிந்து ரிச்சர்ட்சனின் உலகத்தைத் தங்கள் முற்றத்தில் நிகழ்த்துகிறார்கள். கட்டடத்துக்குப் பெயராக மட்டும் ஒட்டியிருந்த இலக்கியத்தை, இடிபடும் நேரத்தில், அதில் குடியிருந்தவர்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். தெருக்கூத்தில் நம் பக்கத்து வீட்டுக்காரர் கிரீடம் வைத்துக்கொண்டு துரியோதனனாக வரும்போது, அவர் இன்னாரென்று நமக்குத் தெரியும், துரியோதனன் என்றும் நம்புவோம். நிகழ்த்துகலைக்கு அந்த இரட்டைப் பார்வைதான் உயிர். நடிப்பவர் அந்த ஊர்க்காரராக இருந்தால்தான் அது கிடைக்கும். வெளியிலிருந்து வரும் கலைஞர் எவ்வளவு நுட்பமானவராக இருந்தாலும் அந்த ஒன்றைக் கொண்டுவர முடிவதில்லை. சாமுவேல் ஹவுஸ் 2014இல் இடிக்கப்பட்டது.

இன்னொரு லண்டன் குடியிருப்பான ராபின் ஹுட் கார்டன்ஸை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஆலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதி வடிவமைத்து 1972இல் முடிந்த 213 வீடுகள். ஒவ்வொரு மூன்றாவது தளத்திலும் தெருப்போல அகன்ற நடைபாதை. 2017இல் இடிப்பு தொடங்கியபோது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதன் மூன்று தளத் துண்டு ஒன்றை முகப்போடு வாங்கிச் சேமித்தது. 2018இல் அதன் ஒரு பகுதி வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சிக்குப் போனது. கொரியக் கலைஞர் டோ ஹோ சு அங்கே காட்டிய படத்தில், கேமரா நின்று நிதானமாக வீடுவீடாக ஊர்கிறது. இன்னும் குடியிருப்பவர்களின் அறைகளும் அதில் வருகின்றன. துணிக்கொடி, சுவர்க்கடிகாரம், சாப்பாட்டு மேசை. கான்கிரீட் துண்டைவிட அந்தப் படத்துக்காகவே அந்தக் கண்காட்சியை நான் நினைவில் வைத்திருக்கிறேன். இடிந்த வீட்டின் ஒரு துண்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைப் பாதுகாக்கப் பணம் இருந்தது. வீடாகவே பாதுகாக்க இல்லை.

இவ்வளவும் சொன்னபிறகு ‘சீஷர்’ படைப்பைக் குறைத்துச் சொல்கிறேனா? பலநாள் யோசித்தேன். அந்த அறையை என்னால் வெறுக்க முடியவில்லை. ஹையார்ன்ஸ் அந்த வீட்டைக் காலிசெய்யவில்லை. காலிசெய்யப்பட்ட வீட்டில் அவர் ஒரு பொருளைத் தன் வழியில் வளரவிட்டார். அந்தப் பொருள் அங்கே குடியிருந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முயலவும் இல்லை. முன்னர் அதையே குறையாக நினைத்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. குளியல்தொட்டியின் விளிம்பு, படிகத்துக்கு அடியிலிருந்தும் குளியல்தொட்டியாகவே தெரிகிறது. அதில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டியிருப்பார்கள். துத்தம் எல்லாவற்றையும் மூடிய பிறகும் அந்த வடிவத்தை மூடவில்லை. படைப்பு சொல்லாமல் விட்டதைப் பார்க்கிறவர் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் ஓரிரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்த இடம் எல்லாருக்கும் கண்ணில் பட்டிருக்கும். ஏன் இந்தக் கட்டடம் காலியாக இருக்கிறது, எத்தனை வீடுகள், இருந்தவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நெட்டிமையார் அதைச் செய்திருப்பார்.

2009இல் ஹையார்ன்ஸ் டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். பரிசு ரிச்சர்ட் ரைட்டுக்குப் போனது. மக்கள் வந்துகொண்டே இருந்ததால் அந்த ஆண்டு வீட்டை மறுபடியும் திறந்து வைத்தார்கள். கட்டடத்தை இடிக்கும் நாள் வந்தபோது, நீல அறையை மட்டும் வெட்டி எடுப்பதென்று முடிவாயிற்று. 2011 பிப்ரவரியில், 31 டன் எடையுள்ள அந்த அறையை ஒரே பெட்டியாகக் கட்டடத்திலிருந்து உருவியெடுத்தார்கள். ஆர்ட்ஸ் கவுன்சில் சேகரிப்புக்கு அது கொடையாக வழங்கப்பட்டது. வடக்கே யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில், அதற்கென்றே ஆடம் கான் வடிவமைத்த கட்டடத்துக்குள் 2013இல் வைக்கப்பட்டது. சுற்றிலும் புல்வெளி, ஆடுகள் மேய்கின்றன.

அறை மட்டும்தான் போயிருக்கிறது, தெரு போகவில்லை. யார்க்‌ஷயர் பக்கம் போகும் நண்பர்கள் யாராவது அந்த அறையின் வாசலில் நிற்க நேர்ந்தால், உள்ளே காலெடுத்து வைக்குமுன் அதன் பழைய முகவரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். 151 முதல் 189 வரை, ஹார்ப்பர் ரோடு, லண்டன்.